பழைய வண்டியின் பவர் ஸ்டியரிங் ஹோஸ்: அசல் வாங்குவதா, பட்டறையில் அடிப்பதா?

காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடிப்பெருக்கை ஒட்டி அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிய வருடம், முப்பது வளைவு தாண்டியதும் எங்கள் 2003 டொயோட்டா குவாலிஸின் முன்பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. நேராகப் போனால் சத்தம் இல்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்டும் முனகல் ஊளையாக மாறியது. இன்னும் நாலைந்து வளைவு போனதும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் அடியில் கொஞ்சம் எண்ணெய்தான் இருந்தது. அதுவும் ஆற்றி ஊற்றிய டீ போல நுரைத்திருந்தது. பம்பில் இருந்து போகும் ஹோஸில், ரப்பரும் இரும்பு வளையமும் சேரும் இடத்தில் சிவப்பு எண்ணெய் முத்து முத்தாகக் கட்டிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் வைத்திருப்பேன். இன்ஜினை ஆறவிட்டு, அதை ஊற்றி, வண்டியைத் திருப்பி, வளைவுக்கு வளைவு நின்று பார்த்து இறங்கினோம். அன்று சாயங்காலம் நாமக்கல்லில் ஒரு ஹோஸ் கடையில் தொடங்கிய கதை, பல மாதம் கழித்து ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் முடிந்தது. நடுவில் பட்டறையில் அடித்த (அளவுக்கு வெட்டி முனை பொருத்திய) ஹோஸ், தப்பான ரிட்டர்ன் ஹோஸ், சரியான ரிட்டர்ன் ஹோஸ், கடைசியில் அசல் பிரஷர் ஹோஸ் என்று எல்லாமே அந்த ஒரே வண்டியில் ஓடியிருக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும்போதெல்லாம் போனில் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். பவர் ஸ்டியரிங் ஹோஸ் என்று ஒருமையில் சொல்லும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில் மூன்று வழி இருக்கும். டப்பாவில் இருந்து பம்புக்கு எண்ணெய் இறங்கும் சப்ளை ஹோஸ் ஒன்று. பம்பில் இருந்து, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கியருக்கு (ஸ்டியரிங் பாக்ஸ்) போகும் பிரஷர் ஹோஸ் இரண்டாவது. வேலை முடிந்த எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ் மூன்றாவது. டப்பா பம்போடு ஒட்டியே இருக்கும் வண்டிகளில் சப்ளை ஹோஸ் இருக்காது.

மூன்றும் கறுப்பு ரப்பர்தான். ஆனால் செய்யும் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நம் கார் டயரில் காற்று ஏறக்குறைய 2 பார், அதாவது 30 பி.எஸ்.ஐ. வாக்கில் இருக்கும். ஸ்டியரிங்கை முழு ஒடிப்பில் பிடித்தால் பிரஷர் ஹோஸுக்குள் 70 முதல் 100 பார் வரை ஏறும். அதற்கு மேல் போகாமல் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். நேர் ரோட்டில் ஓட்டும்போது சில பார்தான். காங்கேயத்தில் இருந்து திருப்பூர் போய்வரும் வண்டியில் வருடக்கணக்கில் காட்டிக்கொள்ளாத ஹோஸ், மலை ஏறும் அன்றைக்குப் போவது இதனால்தான். ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் சொற்பம். ஆனால் சூடு அதற்கும் அதே அளவு உண்டு. சப்ளை ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அதில் கிளிப் தளர்ந்தால் எண்ணெய் வெளியே வருவதை விடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம்.

பழைய ஹோஸைத் தூக்கிப் போடாமல் வீட்டில் பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளித்தோல் கையில் உதிர்ந்தது. அதற்கு உள்ளே நெருக்கமாகப் பின்னிய நூல் அடுக்கு. நம்மூர்ப் பக்கம் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பின்னலின் நேர்த்தி உடனே தெரியும். அதற்கும் உள்ளே எண்ணெய் படும் ரப்பர் குழாய். ஹோஸின் நடுப்பகுதியில் அது இன்னும் வளைந்துகொடுத்தது. இரும்பு வளையத்தை ஒட்டிய ஒரு விரற்கடை மட்டும் பிளாஸ்டிக் போல விறைத்து, நகத்தால் அழுத்தினால் வெடித்தது. அந்த வெடிப்பில் நுழைந்த எண்ணெய் நூல் அடுக்கு வழியே ஊர்ந்து வந்து, வளையத்தின் ஓரத்தில் முத்துக் கட்டியிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் கிளிப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும் போலத்தான் இருக்கும். ஆகாது. உடைந்தது உள் குழாய். வெளியே எதைக் கட்டினாலும் எண்ணெய் வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும்.

இதையொட்டி இரண்டு விஷயங்களைச் சட்டென்று சொல்லிக் கடந்துவிடுகிறேன். லீக்கை அடைக்கும் மருந்து என்று பாட்டிலில் விற்கும் திரவம் ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கிறது. கசியும் சீலுக்கு அது கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவலாம். வெடித்த பிரஷர் ஹோஸுக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்தது கோவை உக்கடம் போன்ற இடங்களில் பழைய உதிரிக் கடைகளில் கழற்றி விற்கும் ஹோஸ். ஸ்டியரிங் பாக்ஸ், பம்பு எல்லாம் அங்கே பார்த்து வாங்கலாம்; நானே வாங்கியிருக்கிறேன். ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் வயதுதான் அந்த ரப்பருக்கும். ஆனால் அதன் இரும்பு முனைகளுக்கு மதிப்பு உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

ஷோரூம் அசல்

குவாலிஸ் நம் நாட்டில் 2000-இல் வந்து 2005-இல் நின்றுபோன வண்டி. அப்படிப்பட்ட வண்டிக்கு அசல் ஹோஸ் அலமாரியில் காத்திருக்காது. பார்ட் நம்பர் எடுத்து, முன்பணம் கட்டி, கவுண்டர்காரர் போன் செய்யும் வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆனது. விலையும், பட்டறையில் அடித்ததைப் போல மூன்று மடங்குக்குக் குறையவில்லை. பலர் இங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள்.

பெட்டியைப் பிரித்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்தக் காசு எதற்கு என்று புரிந்தது. இரும்புக் குழாயில் ஐந்து இடத்தில் வளைவு, ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைத் தொடாமல் விலகிப் போவதற்காக வளைத்தது. பிராக்கெட் உட்காரும் காது அதே இடத்தில். ரப்பர் பகுதியின் நீளம் இன்ஜின் மவுண்டில் ஆடும் ஆட்டத்துக்குச் சரியாக இடம் விடுகிறது. மாட்டும்போது எதையும் நெம்பவும் இல்லை, வளைக்கவும் இல்லை.

அசலில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குணம் உண்டு. ஸ்டியரிங் பம்பு உள்ளே சுழலும் தகடுகளால் எண்ணெயைத் தள்ளுகிறது. பெரும்பாலான பம்புகளில் பத்துத் தகடு. ஒவ்வொரு தகடும் எண்ணெயை ஒரு சின்னத் துடிப்பாக அனுப்பும். நூல் பின்னிய அசல் ஹோஸ் அழுத்தத்தில் மிக லேசாக விரிந்து சுருங்கி அந்தத் துடிப்பை விழுங்கிக்கொள்கிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் தரத்தில் பிரஷர் ஹோஸுக்கு ஜே 188 என்று தனி இலக்கணமே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு விரிய வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. சில வண்டிகளில் ஹோஸுக்கு உள்ளேயே துடிப்பை அடக்க ஒரு மெல்லிய குழாய் நுழைத்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால், கையில் ஸ்டியரிங் ஏன் நடுங்குகிறது என்ற கேள்விக்கும் பிறகு விடை கிடைக்கும்.

வெளிச்சந்தையில் பெட்டியில் வரும் ஹோஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தயாரித்தவர் பெயரும், ஹோஸ் மேல் அச்சிட்ட தர எண்ணும், தயாரித்த தேதியும் இருந்தால், உங்கள் பழைய ஹோஸோடு வளைவுக்கு வளைவு ஒத்துப்போனால், அது அசலுக்கு அடுத்த நல்ல தேர்வு. பெயரும் எண்ணும் இல்லாத மொட்டை ஹோஸை யார் உத்தரவாதம் கொடுத்தாலும் பிரஷர் பக்கம் மாட்டாதீர்கள். பல வருடம் கடை அலமாரியில் கிடந்த புது ஹோஸும் புது ஹோஸ் இல்லை. வளைத்துப் பாருங்கள், மேல்தோலில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் கடையில் அடித்த ஹோஸ்

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு வேறு பல ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத வசதி இது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி இல்லாத வீதி இல்லை. இது போதாதென்று டிராக்டர், ஜே.சி.பி., தேங்காய் எண்ணெய் மில், அரிசி மில். இத்தனைக்கும் ஹோஸ் வேண்டும். அதனால் பெரும்பாலான தாலுகா தலைநகர்களில், ஹோஸ் முனையின் வளையத்தை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் மெஷினோடு ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் கடையாவது இருக்கும். பழைய ஹோஸைக் கொடுத்தால் டீ குடித்து வருவதற்குள் புதியது அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று நாமக்கல்லில் கடைக்காரர் என் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க, இது ரிக்குக்குப் போடற கம்பி ஹோஸுங்க. உங்க வண்டி பிரஷர் எல்லாம் இதுக்குப் பத்தாதுங்க. ஆயுசுக்கும் போவாது.”

“சத்தம் ஏதாச்சும் வருங்களாண்ணா?”

“கொஞ்சம் ஊங்காரம் இருக்குமுங்க. ஊர் போய்ச் சேர்ந்துருவீங்க, அது முக்கியமில்லீங்களா?”

பிரஷர் பற்றியும் சத்தம் பற்றியும் அவர் சொன்னது உண்மை. ஒரு சுற்றுக் கம்பி பின்னிய 100 ஆர் 1 ரக ஹோஸ், 3/8 அங்குல அளவில் 180 பார் வேலை அழுத்தம் தாங்கும்; வெடிக்கும் அழுத்தம் அதைப் போல நாலு மடங்கு. இரண்டு சுற்றுக் கம்பி பின்னிய ஆர் 2 ரகம் 330 பார். நம் பம்பு தள்ளும் நூறு பார் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றிரவு பத்து மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தோம்.

ஊங்காரமும் அவர் சொன்னபடியே வந்தது. கம்பி பின்னிய ஹோஸ் விரியாது. பம்பின் துடிப்பு அப்படியே ஸ்டியரிங் கியருக்கும், அங்கிருந்து ஸ்டியரிங் தண்டு வழியே கைக்கும் வந்துவிடும். வண்டியை நிறுத்தி ரிவர்ஸ் எடுக்கும்போது வீல் உள்ளங்கையில் குறுகுறுக்கும். எனக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை, வண்டி ஏதோ நோவில் முனகுகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தத்தை விட நான் யோசித்தது சூட்டை. ஆர் 1, ஆர் 2 இரண்டுக்கும் பொதுவான மேல் எல்லை 100 டிகிரி செல்சியஸ். சமதளத்தில் ஸ்டியரிங் எண்ணெய் அதற்குள் இருந்துவிடும். சித்திரை வெயிலில், ஏசி போட்டு, ஆள் நிறைத்து, திம்பத்தின் 27 வளைவையோ வால்பாறையின் 40 வளைவையோ தொடர்ந்து ஒடித்து ஏறினால் எண்ணெய் சூடு நூறைத் தாண்டலாம். அழுத்தத்துக்கு அசராத ஹோஸ் சூட்டில் மெல்ல மெல்ல விறைத்து, பழையதைப் போலவே வளையத்தை ஒட்டி வெடிக்கத் தொடங்கும். கூடுதல் சூடு தாங்கும் ரக ஹோஸும் இருக்கிறது. கடையில் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

அடித்த ஹோஸ் நல்லதாக அமைவதும் மோசமாகப் போவதும் ஹோஸில் இல்லை, முனையில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான்.

கடையில் இருக்கும் ரெடிமேட் முனைகளில் பெரும்பகுதி பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரை. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் லைனில் மெட்ரிக் மரை. 3/8 பி.எஸ்.பி. மரையின் வெளி விட்டம் 16.66 மில்லிமீட்டர், எம் 16 மரை 16 மில்லிமீட்டர். மேசையில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். மரையின் இடைவெளி மட்டும் வேறு. ஒன்றில் ஒன்றைத் திருகினால் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தை டைட் என்று நம்பி டேப் சுற்றிக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. அது ஸ்டியரிங் கியரின் மரையைத் தின்றுவிடும். ஹோஸில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அங்கே போகும். கடைக்காரர் மரை கேஜ் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கேஜ் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி, வண்டியின் சொந்த இரும்பு முனைகளைக் காப்பாற்றுவது. பழைய ஹோஸின் வளையத்தை மட்டும் ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பிரித்து, ரப்பரை நீக்கி, இரும்புக் குழாயை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அதன் நுனியில் ஹைட்ராலிக் முனையைப் பித்தளை ஊற்றி கேஸ் வெல்டிங்கில் பொருத்தி, பிறகு ஹோஸை ஏற்றி கிரிம்ப் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் வெல்டிங், ஆறிய பிறகு ஹோஸ். ஹோஸோடு வைத்துச் சூடு காட்டினால் உள் ரப்பர் அங்கேயே வெந்துவிடும். வெல்டிங்கின் கசடு குழாய்க்குள் விழுந்திருக்கும். பெட்ரோல் விட்டுக் கழுவி, காற்று அடித்துச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் அந்தப் பொடி ஸ்டியரிங் வால்வுக்குப் போய்ச் சேரும். உங்கள் இரும்பு முனை துருப்பிடித்துப் போயிருந்தால்தான் பழைய உதிரிக் கடை ஹோஸ் பயன்படும். ரப்பரை வீசிவிட்டு முனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் ஏறும்போது இந்தக் கம்பி ஹோஸ் நீளத்தில் 4 சதவீதம் வரை சுருங்கவும், 2 சதவீதம் வரை நீளவும் செய்யலாம். விறைப்பாக மாட்டினால் ஒவ்வொரு ஒடிப்பிலும் முனையை இழுக்கும். 3/8 ஆர் 1 ஹோஸை 130 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைக்கக் கூடாது. நெருக்கமான இன்ஜின் பேயில் இது பல நேரம் முடியாத காரியமாக இருக்கும். அப்போது 1/4 அங்குல ஹோஸைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். பம்பு பக்கம் வழி சிறுத்துவிடும் என்பதால் நான் அதை விரும்பவில்லை. ஹோஸ் மேல் நீளமாக ஒரு கோடு அச்சிட்டிருக்கும். மாட்டி முடித்ததும் அந்தக் கோடு திருகாமல் நேராகப் போகிறதா என்று பாருங்கள். கோடு சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. தளர்த்தி மறுபடி மாட்ட வேண்டும்.

ரிட்டர்ன் ஹோஸில் சிக்கனம் பார்த்த கதை

பிரஷர் ஹோஸ் மாற்றிய பிறகு ரிட்டர்ன் ஹோஸும் நசநசவென்று இருப்பதைப் பார்த்து, ஊர்ப் பக்கத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். “அது வெறும் ஓட்டம்தான் தம்பி, பிரஷர் கிடையாது, டீசல் ஹோஸே போதும்” என்று மீட்டர் கணக்கில் வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். அழுத்தம் இல்லை என்பது சரிதான். நான் கேட்க மறந்தது சூட்டைப் பற்றி.

ஐந்து மாதத்தில் கிளிப்புக்குப் பக்கத்தில் அந்த ஹோஸ் ஊறிப்போன அப்பளம் போல மெத்தென்றாகி, கிளிப்பின் பல் உள்ளே இறங்கிவிட்டது. எண்ணெய் கசிந்து கீழே குறுக்குச் சட்டம் முழுக்க மண்ணோடு களிம்பாகப் படிந்திருந்தது. மறுபடி பம்பு முனகல். பிரஷர் ஹோஸ் போய்விட்டது என்று நினைத்து, நாமக்கல் கடைக்காரரை மனதுக்குள் நொந்துகொண்டே வந்து பார்த்தால், அவர் போட்டது முத்துப் போல இருந்தது.

ரிட்டர்ன் ஹோஸுக்கும் தனித் தரம் உண்டு: ஜே 189. அந்த எண் அச்சிட்ட ஹோஸ், அல்லது ஏ.டி.எஃப். எண்ணெய்க்கும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஊற்றும் எண்ணெய்) சூட்டுக்கும் என்று தெளிவாகச் சொல்லி விற்கும் ஹோஸ், பெரிய உதிரிக் கடைகளில் மீட்டரில் கிடைக்கும். டீசல் ஹோஸுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ரேடியேட்டர் ஹோஸை மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். தண்ணீருக்கும் கூலண்டுக்கும் அருமையாக உழைக்கும். எண்ணெய் பட்டால் உப்பிக் கூழாகிவிடும். இதே கணக்கின் மறுபக்கம், ஸ்டியரிங் டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றுவது. அவசரத்துக்கு என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். பம்பிலும் கியரிலும் இருக்கும் சீல் எல்லாம் நைட்ரைல் ரப்பர். பிரேக் ஆயிலில் அது ஊறிக் கெட்டுவிடும். பிறகு ஹோஸ் மாற்றினாலும் லீக் நிற்காது.

வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில் மட்டும் மீட்டர் ஹோஸ் ஒத்துவராது, மடிந்துகொள்ளும். அங்கே அச்சில் வார்த்து வளைத்த அசல்தான் சரி. என் வண்டியில் ஒரு முனைக்கு அசல், நேராக ஓடும் பகுதிக்கு மீட்டர் ஹோஸ் என்று கலந்து போட்டேன். கிளிப்பில் திருகு வகையை விட ஸ்பிரிங் வகை இந்த இடத்துக்கு நல்லது என்பது என் அனுபவம். ரப்பர் சூட்டில் இளகினாலும் ஆறி இறுகினாலும் அது தானாகப் பின்தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். திருகு கிளிப்தான் கிடைத்தது என்றால், ஓரம் மழுங்கிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் வேலை

ஹோஸ் எதுவானாலும் மாட்டுவதில் சில விஷயங்கள் பொது. பம்பு பக்கம் நடுவில் ஓட்டை உள்ள யூனியன் போல்ட்டும் இரண்டு பக்கமும் காப்பர் வாஷரும் இருக்கும் வண்டிகளில், வாஷர் கட்டாயம் புதிது. பழைய வாஷரைக் கையில் எடுத்துப் பாருங்கள், வட்டமாக ஒரு தடம் ஆழப் பதிந்திருக்கும். அது ஒருமுறை நசுங்கிப் பிடித்தாயிற்று. மறுபடி அதே போலப் பிடிக்காது. சில மூத்த மெக்கானிக்குகள் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி மறுபடி போடுவார்கள். செம்பு அப்படி இளகும் என்பது உண்மைதான். ஆனால் புதியதன் விலைக்கு அந்த வேலை தேவையில்லை. மறுமுனையில் குழாயின் விரிந்த வாயைப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டை சாதா ஓப்பன் ஸ்பேனரால் கழற்றினால் முனை உருண்டுவிடும். வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் இருக்கிறது, அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பழைய எண்ணெயை முழுசாக வெளியேற்றிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். எங்கள் வண்டிக்கு டெக்ஸ்ரான் ரக ஏ.டி.எஃப். உங்கள் வண்டிக்கு எது என்று டப்பா மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சில ஐரோப்பிய வண்டிகளில் பச்சை நிறத்தில் வேறு வகை எண்ணெய். அதில் சிவப்பைக் கலக்கக் கூடாது.

எண்ணெயில் சிக்கிய காற்றை எடுப்பதுதான் அவசரப்பட்டுக் கெடுக்கும் வேலை. முன் இரண்டு சக்கரமும் தரையில் படாமல் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, இன்ஜினைப் போடாமலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குப் பதினைந்து இருபது தடவை மெதுவாகத் திருப்புங்கள். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வர வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜின். இன்ஜின் ஓடும்போது முழு ஒடிப்பில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். இதைச் செய்யாமல் நேராக ஸ்டார்ட் போட்டால் பம்பு காற்றையும் எண்ணெயையும் சேர்த்து அடித்து நுரையாக்கிவிடும். அந்த நுரை அடங்க மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் பம்பு உலர்ந்து தேயும்.

லீக் பார்க்கும்போது கையால் தடவாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸில் ஊசி ஓட்டை இருந்தால், அதில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஒரு அட்டைத் துண்டைப் பக்கத்தில் பிடித்தால் எண்ணெய் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்போ எதைப் போடுவது?

என் தீர்ப்பு வண்டியின் வயதை வைத்து இல்லை. அது இன்னும் எத்தனை வருடம், எந்த ரோட்டில் ஓடப் போகிறது என்பதை வைத்து. பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் ஆர்.சி. புதுப்பிக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு 2018-இல் ஒருமுறை, 2023-இல் ஒருமுறை ஆயிற்று. 2028 வரை ஓடும். அப்பா ஓட்டிய வண்டி, அதற்குப் பிறகும் வைத்திருக்கவே நினைக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலை ஏறுகிறது. அதனால் காத்திருந்து அசல் பிரஷர் ஹோஸே போட்டேன். போட்ட அன்று வீட்டு வாசலில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்த அம்மா, “இப்பத்தான் வண்டி வாயை மூடிச்சு” என்றார்.

உங்கள் வண்டி தோட்டத்துக்கும் சந்தைக்கும் சமதளத்தில் மட்டும் போகிறது, அல்லது இரண்டு வருடத்தில் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால், சொந்த இரும்பு முனைகளோடு நல்ல கடையில் அடித்த ஹோஸ் தாராளமாகப் போதும். அதைக் குறைவான தேர்வு என்று நான் சொல்லவே மாட்டேன். அசல் எங்குமே கிடைக்காத வண்டிகளுக்கு அதுதான் ஒரே நல்ல வழி, நம் ஊரில் அதைச் செய்யத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. வாடகைக்கு ஓடும் வண்டி, அடிக்கடி மலை ஏறும் வண்டி என்றால் அசல், அல்லது பெயர் போட்ட வெளிச்சந்தை ஹோஸ்.

எந்தப் பக்கம் போனாலும் ரிட்டர்ன், சப்ளை ஹோஸ்களை அதே நாளில் மாற்றிவிடுங்கள். வண்டியை ஏற்றி, எண்ணெயை வடித்து, காற்று எடுக்கும் கூலி எப்படியும் ஒருமுறை ஆகத்தான் போகிறது. ஐந்து மாதம் கழித்து இன்னொரு முறை அதே கூலியை நான் கொடுத்தேன்.

மாற்றிய பிறகு முதல் வாரம் தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டப்பாவின் அளவைப் பாருங்கள், ஒவ்வொரு முனையையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்களை ஒருமுறை இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல்லில் அடித்த ஹோஸ் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணெய் துடைத்து, இரண்டு முனையையும் துணி கட்டி, இரண்டு புதுக் காப்பர் வாஷரும் சேர்த்துப் பின் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும்போது அது கூடவே வருகிறது.